மஞ்சள் ஏறிய தலையணை: தோய்ப்பதா, பிரிப்பதா, மாற்றுவதா?

தலையணை உறையைக் கழற்றித் தோய்க்கப் போடும்போதுதான் உள்ளே இருக்கும் மஞ்சள் கண்ணில் படும். அப்பச்சோடாவும் வினாகிரியும் போடச் சொல்வார் ஒருவர். பிளீச் ஊற்றச் சொல்வார் இன்னொருவர். "வெயிலில போடு, காணும்" என்பார் அம்மம்மா. மூன்று பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் மூன்றும் ஒரே தலையணைக்குப் பொருந்தாது. இலவம்பஞ்சுத் தலையணைக்கு நல்ல வழி பைபர் தலையணைக்குப் போதாது; பைபருக்கு நல்ல வழி ஸ்பொஞ்சை ஒரே நாளில் நாசமாக்கும். அதனால் கடைக்குப் போய் எதையும் வாங்குவதற்கு முன் தலையணையை ஒருமுறை வடிவாகப் பாருங்கள்.

## மஞ்சள் எங்கிருந்து வந்தது

வியர்வை, வாயிலிருந்து வடியும் நீர், தோலின் நெய், தலைக்கு வைக்கும் எண்ணெய் ஆகிய நான்கும்தான் காரணம். எண்ணெய் துணிக்குள் இறங்கிக் காற்றுப்பட்டுப் பழசாகும்போது மஞ்சளாகி, பிறகு மண்ணிறமாகும். சனிக்கிழமை நல்லெண்ணெய் வைத்து முழுகிவிட்டு ஈரத் தலையோடு படுப்பவரின் தலையணையில் இது இன்னும் வேகமாக நடக்கும்.

எது அதிகம் என்று அறியச் சின்னச் சோதனை ஒன்று உண்டு. கறையின் நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சொட்டு உருண்டு நின்றால் எண்ணெய். உடனே உறிஞ்சினால் வியர்வையும் எச்சிலும். வியர்வைக் கறைக்கு ஓரத்தில் கடும் நிறத்தில் ஒரு வளையம் தெரியும். எண்ணெய்க் கறைக்கு வளையம் இருக்காது, நடு மினுங்கும். எண்ணெய்க் கறைக்கு மேல் எந்த வெண்மையாக்கியைப் போட்டாலும் அது நாருக்குள் இறங்காது. எனவே முதலில் எண்ணெயைக் கழற்ற வேண்டும். பாத்திரம் கழுவும் திரவத்தை காய்ந்த துணியில் விட்டு, விரலால் தேய்த்து, 20 நிமிடம் விடுங்கள். துணி நனைந்த பிறகு விட்டால் தண்ணீர் அதை ஐதாக்கிவிடும்.

ஸ்பொஞ்ச் மட்டும் வேறு கதை. வெள்ளை ஸ்பொஞ்ச் காற்றும் வெளிச்சமும் பட்டாலே தானாக மஞ்சளாகும். அது அழுக்கு அல்ல, பொருள் முதிர்வது. எதைப் போட்டும் அந்த நிறத்தைத் திருப்ப முடியாது.

## எதை எதை வைத்து முடிவெடுப்பது

உள்ளே இருப்பது. வாங்கியபோது இருந்த துண்டுச் சீட்டுப் போய்விட்டால் கையால் அறியலாம். அமுக்கி விட்டதும் மெதுவாக, கட்டி கட்டியாக எழும்பினால் இலவம்பஞ்சு. சட்டென்று பந்துபோல் எழும்பினால் பொலியெஸ்டர் பைபர். ஒரே துண்டாக வளைந்தால் ஸ்பொஞ்ச் அல்லது இறப்பர்.

காயும் நேரம். இதுதான் தலையாயது. துணி உலர்த்தும் மெஷின் இங்கே யாழ்ப்பாணக் குடாநாட்டில் அநேக வீடுகளில் இல்லை, கொடியும் வெயிலும்தான். மாசி நடுவிலிருந்து ஆவணி வரை தோய்க்க நல்ல காலம். தென்மேற்கிலிருந்து சோழகக் காற்று வீசும் மாதங்களில் வேகமாகக் காயும், ஆனால் கோப்பாய், சுன்னாகம் போன்ற செம்மண் ஊர்களில் அதே காற்று ஈரத் தலையணை முழுக்கச் சிவப்புத் தூசியை அப்பிவிடும். ஐப்பசி முதல் மார்கழி வரை தலையணை தோய்ப்பதை நினைக்கவே வேண்டாம். தையில் மழை விட்டாலும் பனி உண்டு. பின்னேரம் ஐந்து மணிக்கு முன் உள்ளே எடுத்துவிட வேண்டும். உள்ளே ஈரம் நின்றால் மூன்றாம் நாள் மணம் வரும், அடுத்த கிழமை பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணத்தின் கறுப்புப் புள்ளியோடு ஒப்பிட்டால் மஞ்சள் எவ்வளவோ மேல்.

தண்ணீர். குடாநாட்டுக் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லில் ஊறுபவை. கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படைதான் அதற்குச் சாட்சி. அந்தத் தண்ணீரில் கட்டிச் சவர்க்காரத்தைத் தேய்த்தால், கல்சியத்தோடு சேர்ந்து தயிர்போலத் திரைந்து பஞ்சுக்குள் தங்கும். உடுப்பில் என்றால் அலம்பி எடுக்கலாம். தலையணைக்குள் இருந்து எடுக்க முடியாது. காய்ந்ததும் சாம்பல் நிறமாகி, அடுத்த எண்ணெயையும் பிடித்து வைத்துக்கொள்ளும். தலையணைக்குச் சலவைத்தூளோ திரவமோதான் சரி, கட்டி கூடாது. கரையோரத்துச் சவர்த் தண்ணீரில் தோய்த்தால் உப்புத் தங்கி, ஈரக் காற்றில் தலையணை நசநசக்கும். கடைசி அலம்பலையாவது நல்ல தண்ணீரிலோ சேர்த்து வைத்த மழைநீரிலோ செய்யுங்கள்.

வயது. பைபர் தலையணையை இரண்டாக மடித்துப் பிடித்துவிட்டு விடுங்கள். தானாக விரிந்தால் தோய்க்கப் பெறுமதி உண்டு. மடிந்தபடியே கிடந்தால் வெண்மையாக்கி என்ன பயன்?

## 1. வெயில் மட்டும்

உறையைக் கழற்றி, காலை ஒன்பதிலிருந்து மூன்று மணிவரை பாயில் விரித்து, நடுவில் ஒருமுறை புரட்டி, தடியால் தட்டி எடுப்பது. ஈரமும் மணமும் போகும். பருத்தித் துணியில் மெல்லிய மஞ்சள் சற்று வெளிறும். எண்ணெய்க் கறை அப்படியே இருக்கும், சில வேளை இன்னும் இறுகும். தூசிப்பூச்சி குறையுமே தவிர அதன் கழிவு உள்ளேயே கிடக்கும். தொய்வு (ஆஸ்துமா) உள்ளவர் படுக்கும் தலையணைக்கு இது போதாது.

செலவு இல்லை. மழைக்காலத்தில் கிடைக்கும் ஓரிரு வெயில் நாட்களுக்கு இதைவிட நல்லது வேறில்லை.

## 2. சலவைத்தூளும் சலவைச் சோடாவும்

20 லீற்றர் இளஞ்சூட்டு நீர், 2 மேசைக்கரண்டி சலவைத் திரவம், 3 மேசைக்கரண்டி சலவைச் சோடா. ஒரு தலையணைக்கு இது போதும். சோடா தண்ணீரின் கடினத்தைக் குறைத்து எண்ணெயையும் இளக்கும். கைக்கு உறை போடுங்கள், தோலை அரிக்கும். அப்பச்சோடா இதற்கு ஈடாகாது. அது மென்மையான காரம், மணத்தைக் குறைக்க மட்டும் நல்லது.

ஒரு மணி நேரம் ஊறியதும் உள்ளங்கையால் அமுக்கி அமுக்கி எடுங்கள். முறுக்கிப் பிழிந்தால் பைபர் திரண்டு உருண்டையாகும். அந்த உருண்டை பிறகு பிரியாது. கல்லில் அடிப்பதையும் மறந்துவிடுங்கள்.

அழுக்கும் எண்ணெயும் நன்றாகப் போகும், மஞ்சள் பாதிதான் போகும். உறைக்குள் இருப்பதைப் பார்க்க யார் வருகிறார்கள் என்று நினைப்பவருக்கு இந்த அளவே தாராளம்.

## 3. ஒட்சிசன் வெண்மையாக்கி

சோடியம் பெர்காபனேற் என்னும் வெள்ளைத் தூள்தான் இது. குளோரின் இல்லாத கறைநீக்கித் தூள்கள் பலவற்றில் முக்கிய சரக்கு இதுவே. பெட்டியின் பின்பக்கத்தில் பெயர் இருக்கும். சுடுநீரில் கரைந்ததும் ஐதரசன் பெரொக்சைட்டாகவும் சலவைச் சோடாவாகவும் பிரியும். ஒன்று நிறத்தை உடைக்கும், மற்றது எண்ணெயை இளக்கும். மஞ்சளுக்கு நாங்கள் முதலில் சொல்வது இதைத்தான். பைபர் தலையணைக்கும், பஞ்சுத் தலையணையின் வெறும் உள்ளுறைத் துணிக்கும் இது நன்றாகப் பிடிக்கும்.

பலர் இதில் தோற்பது தண்ணீரின் சூட்டில். பச்சைத் தண்ணீரில் தூள் அரைகுறையாக வேலை செய்யும்; 50 முதல் 60 பாகை வேண்டும். வெப்பமானி தேவையில்லை. கொதித்த தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் சரிக்குச் சரி கலந்தால் ஏறத்தாழ 60 பாகை. ஒரு பங்கு கொதிநீருக்கு இரண்டு பங்கு கிணற்றுநீர் என்றால் 50 பாகை.

செய்முறை இதுதான். பெரிய பிளாஸ்ரிக் தொட்டியில் 10 லீற்றர் கிணற்றுநீரை முதலில் விட்டு, அதற்கு மேல் 10 லீற்றர் கொதிநீரை ஊற்றுங்கள். 8 மேசைக்கரண்டி தூளைத் தூவி, ஒரு தடியால் கலக்கி, மணல்போல் அடியில் எதுவும் கிடக்காதவரை கரையுங்கள். கரையாத தூள் துணியில் ஒட்டினால் அந்த இடம் மட்டும் வெளிறிப் புள்ளியாகும். இனி ஒரு மேசைக்கரண்டி சலவைத் திரவம். தலையணையை இறக்கி, காற்றுக் குமிழி வருவது நிற்கும்வரை அமுக்குங்கள். நீங்கள் கையை எடுத்ததும் அது மிதந்து மேலே வரும். மேலே நிற்கும் பக்கம் மஞ்சளாகவே மிஞ்சும். ஒரு தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் தண்ணீர் நிரப்பிய போத்தல் ஒன்றை வையுங்கள். ஒவ்வொரு மணிக்கும் புரட்டுங்கள். நான்கு மணி நேரம் காணும். ஆறுக்கு மேல் ஊறவிட்டு ஆவது ஒன்றுமில்லை, அதற்குள் தூளின் சத்து முடிந்துவிடும். கரைத்த தண்ணீரை மூடிய போத்தலில் எடுத்து வைக்கக் கூடாது. வாயு சேர்ந்து போத்தல் வெடிக்கும்.

பிறகு அலம்பல். நான்கு முறை, ஒவ்வொன்றுக்கும் 20 லீற்றர். நான்காவது தண்ணீரில் அரைக் கோப்பை வினாகிரி விட்டால், சுண்ணாம்புப் படிவும் மிஞ்சிய காரமும் போய்த் துணி மெதுமையாகும். வினாகிரிக்கு உரிய இடம் இந்தக் கடைசித் தண்ணீர்தான். அப்பச்சோடாவோடு ஒன்றாகப் போட்டால் நுரைத்து ஒன்றையொன்று முறித்துக்கொள்ளும். பார்க்க வடிவாக இருக்கும், வேலை நடக்காது.

மறைந்திருக்கும் செலவு தண்ணீரும் எரிபொருளும்தான். கணக்குப் பார்த்தால் ஒரு தலையணைக்கு 100 லீற்றர் தண்ணீர். 10 லீற்றரை மின்சாரத்தில் கொதிக்க வைக்க ஏறத்தாழ 1 அலகு போகும். பின்வளவில் பனம்மட்டையும் தென்னம்பாளையும் கிடக்கிற வீட்டுக்கு அந்தச் செலவும் இல்லை.

பாமசியில் விற்கும் 3 வீத ஐதரசன் பெரொக்சைட்டும் இதே வேலையைச் செய்யும். முழுத் தலையணைக்கு அது கட்டுப்படியாகாது. இரத்தம், எச்சில் போன்ற சின்னக் கறையில் சில சொட்டு விட்டு, அரை மணியில் அலம்ப நல்லது.

## 4. குளோரின் பிளீச்

விலை குறைவு, எல்லாக் கடையிலும் கிடைக்கும், பருத்தி சட்டென்று வெளுக்கும். இருந்தாலும் தலையணைக்கு நாங்கள் இதைச் சொல்வதில்லை. வியர்வையிலும் எச்சிலிலும் உள்ள புரதத்தோடு குளோரின் சேர்ந்தால் மஞ்சள் இன்னும் கூடும். ஸ்பொஞ்ச் பொடியும். பஞ்சுக்குள் போனதை முழுக்க அலம்பி எடுக்க முடியாததால், முகத்தை வைத்துப் படுக்கும் இடத்தில் நாட்கணக்கில் அந்த மணம் நிற்கும்.

ஒரே ஒரு சந்தர்ப்பத்தில் பொருந்தும்: கழற்றி எடுத்த வெள்ளைப் பருத்தி உறையில் பூஞ்சணப் புள்ளி இருந்தால். முதலில் தோய்த்து வியர்வையைப் போக்கிவிட்டு, 10 லீற்றர் பச்சைத் தண்ணீரில் கால் கோப்பை திரவ பிளீச், 10 நிமிடம், உடனே அலம்பல். கிணற்றுக்குப் போடும் குளோரின் தூளை இதற்கு எடுக்காதீர்கள். அது பல மடங்கு கடுமை. கரையாத குறுணி விழுந்த இடம் இரண்டு தோய்ச்சலில் ஓட்டையாகும்.

இதோடு வினாகிரி, தேசிக்காய்ப்புளி, கழிவறை கழுவும் அமிலம் எதையும் சேர்க்கக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும். கதவு சாத்திய குளியலறையில் அது உயிராபத்து.

நீலம் போடுவது வேறு. நீலம் எதையும் கழுவாது. மஞ்சளுக்கு மேல் நீலச் சாயம் ஏற்றிக் கண்ணை ஏமாற்றும். உறைத் துணிக்குச் சரி. முழுத் தலையணையில் திட்டுத் திட்டாகப் பிடிக்கும்.

## 5. இலவம்பஞ்சு: பிரித்துக் காய வைப்பது

இலவம்பஞ்சின் நாரில் இயல்பாகவே மெழுகுப்பூச்சு உண்டு; தண்ணீரில் எளிதில் நனையாது. ஆனால் அமுக்கி ஊறவிட்டால் நார் ஒடிந்து, திரண்டு, காய்ந்ததும் கல்லாகும். முழுத் தலையணையைத் தோய்த்துவிட்டு அது மெதுமையாகக் காயும் என்று காத்திருப்பது இலவு காத்த கிளியின் கதைதான்.

ஓரத் தையல் ஒன்றைக் கையளவு பிரியுங்கள். பழைய நுளம்பு வலையைப் பைபோல் மடித்து, தலையணை வாயை அதற்குள் விட்டு, வலைக்குள்ளேயே பஞ்சைக் கொட்டுங்கள். வெளியே கொட்டினால் முற்றம் முழுக்கப் பறக்கும். மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள். வலையின் வாயைக் கட்டி, காற்றுக் குறைந்த நாளில் மூன்று நான்கு மணி நேரம் வெயிலில் வைத்து, மெல்லிய தடியால் தட்டுங்கள். தட்டத் தட்டத் தூசி கீழே விழும், பஞ்சு பொங்கும். கறுத்த விதைகள் தட்டுப்பட்டால் பொறுக்கி எறியுங்கள். அவற்றில் எண்ணெய் உண்டு, துணியில் கறை விடும், எலியும் தேடி வரும். அடுப்படிக்குக் கிட்ட இந்த வேலை வேண்டாம், இலவம்பஞ்சு பொசுக்கென்று தீப்பிடிக்கும்.

பஞ்சின் நிறம் இயல்பிலேயே வெளிர் மஞ்சள்தான். அதை வெளுக்க வேண்டியதில்லை. மஞ்சள் ஏறியது உள்ளுறைத் துணியில். அதை மூன்றாம் வழியில் ஊறப் போடுங்கள். தனித் துணி என்பதால் அன்றைக்கே காயும். திரும்ப அடைக்கும்போது முதலில் நான்கு மூலைக்கும் பஞ்சைத் திணித்துவிட்டு நடுவை நிரப்புங்கள். நசிந்து தூளான பஞ்சைக் கழித்து, குறைந்த அளவுக்குப் புதுப்பஞ்சு சேருங்கள். ஒரு அரைநாள் கரைச்சல்தான், ஆனால் தலையணை புதிதாகும். பைபரில் இந்தச் சௌகரியம் இல்லை.

## 6. ஸ்பொஞ்சும் இறப்பரும்

உறையைத் தோய்க்கலாம், உள்ளே இருப்பதைத் தோய்க்கக் கூடாது. கறை உள்ள இடத்தைச் சலவைத் திரவம் தொட்ட துணியால் ஒற்றி, வெறும் ஈரத்துணியால் துடைத்து, நிழலில் காற்றாட வைக்க வேண்டும். வெயில் இதை மேலும் மஞ்சளாக்கி உதிர வைக்கும். தவறுதலாக முழுக்க நனைந்துவிட்டால் தூக்கிப் பிடிக்காதீர்கள், தண்ணீரின் பாரத்தில் நடுவால் கிழியும். அடியில் ஒரு தட்டைக் கொடுத்து எடுத்து, சரிவாக வைத்து வடியவிடுங்கள். காய நாலைந்து நாள் போகும்.

## ஒரே பார்வையில்

| வழி | எதற்கு | மஞ்சள் போகுமா | காய | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| வெயில் | பஞ்சு, பைபர் | மிகக் கொஞ்சம் | அதே நாள் | எண்ணெய் இறுகும் |
| சலவைத்தூள், சோடா | பைபர் | பாதி | 2 நாள் | 100 லீற்றர் நீர் |
| ஒட்சிசன் தூள் | பைபர், பருத்தி உறை | பெரும்பகுதி | 2 நாள் (உறை 1 நாள்) | நீர், எரிபொருள் |
| குளோரின் பிளீச் | பூஞ்சணம் பிடித்த பருத்தி உறை | சிலவேளை கூடும் | 1 நாள் | துணி நலியும், மணம் |
| பிரித்துக் காய வைப்பது | இலவம்பஞ்சு | உறையில் போகும் | 1 நாள் | அரைநாள் வேலை, தையல் |
| ஒற்றித் துடைப்பது | ஸ்பொஞ்ச், இறப்பர் | போகாது | சில மணி | இல்லை |

## கையாலா, மெஷினிலா

முன்கதவு மெஷின் இருந்தால் பைபருக்கு அதுவே மேல். இரண்டு தலையணையை ஒன்றாகப் போடுங்கள். ஒன்றை மட்டும் போட்டால் ஒரு பக்கம் பாரமாகி மெஷின் குதிக்கும். சலவைத் திரவம் வழக்கத்தில் பாதி, அலம்பல் இரு முறை. நடுவில் தண்டு உள்ள மேல்மூடி மெஷின் தலையணையை முறுக்கும்; நிமிர்த்தி எதிரெதிரே வைத்து, மென்மையான சுற்றில் விடுங்கள். இரட்டைத்தொட்டி மெஷினில் தோய்க்கும் பக்கம் சரி, பிழியும் பக்கம் சிறிது. திணித்து ஓட விட்டால் தொட்டி அடிபட்டு அச்சு கெடும். திருத்துகிற காசுக்கு இரண்டு தலையணை வாங்கலாம்.

வெளிநாட்டிலிருந்து வந்த தலையணை என்றால் சீட்டில் உள்ள முக்கோணத்தைப் பாருங்கள். வெறும் முக்கோணம் எந்த வெண்மையாக்கிக்கும் சம்மதம். உள்ளே இரு சாய்கோடு இருந்தால் குளோரின் இல்லாதது மட்டும். குறுக்கே வெட்டியிருந்தால் எதுவும் வேண்டாம்.

## காய்ந்ததா என்று எப்படி அறிவது

தோய்க்க முன் தலையணையைத் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். 850 கிராம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் நாள் பின்னேரம் கை வைத்தால் மேலே மொறுமொறுவென்று இருக்கும், தராசில் 930 காட்டும். அந்த 80 கிராமும் நடுவில் ஒளிந்திருக்கும் தண்ணீர். இன்னொரு நாள் போடுங்கள். பழைய நிறைக்குக் கிட்ட வந்த பிறகுதான் உறை போடலாம்.

ஒரு மூலையில் கிளிப் போட்டுக் கொடியில் தொங்கவிட்டால் பைபர் முழுக்க அடிக்கு இறங்கிவிடும். கட்டில் சட்டத்திலோ கட்டிய நைலோன் வலையிலோ படுக்கப் போடுங்கள், கீழாலும் காற்றுப் போகும். மேலே பழைய வேட்டி ஒன்றை விரித்தால் செம்மண் தூசிக்கும் காகத்துக்கும் காவல். இரண்டு மணிக்கொரு முறை புரட்டும்போது வெளியாலேயே விரல் வைத்துக் கட்டிகளை இழுத்துப் பிரியுங்கள். ஈரமாக இருக்கும்போது பிரியும், காய்ந்தால் பிரியாது.

## மாற்றுவது

மடிப்புச் சோதனையில் விழுந்த பைபர், உதிரும் ஸ்பொஞ்ச், உள்வரை பூஞ்சணம் போன எதுவும் தோய்க்கும் செலவுக்குத் தகாது. தூளும் தண்ணீரும் இரண்டு நாள் வெயிலும் போட்டு, கடைசியில் தட்டையான வெள்ளைத் தலையணை ஒன்றுதான் கையில் மிஞ்சும்.

புதிதை வாங்கும் அன்றே சிப் வைத்த உள்ளுறை ஒன்றையும் வாங்கி, மேலுறைக்கு அடியில் போடுங்கள். மூன்று கிழமைக்கு ஒருமுறை அதைத் தோய்த்தால் மஞ்சள் அதிலேயே நின்றுவிடும். பழசை வளவில் போட்டுக் கொளுத்த வேண்டாம், பொலியெஸ்டரும் ஸ்பொஞ்சும் நச்சுப்புகை விடும். பூஞ்சணம் இல்லாத பைபரை நாய்க்குப் படுக்கையாகத் தைக்கலாம். உள்ளுறைத் துணியை இரண்டாக மடித்துத் தைத்தால் கிணற்றடிக்கு நல்ல கால்மிதி.